போர்ட் பிளேயரில் நீ கேட்ட கேள்வி

அக்கா,

இன்று காலை ஒட்டுசுட்டான் சந்தியில் நல்ல மழை. பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். என் முறை வந்தபோது முன்னால் நின்ற இந்திய ஆமிக்காரனின் மழைக்கோட்டிலிருந்து அந்த மணம் வந்தது. புது றப்பர் மணம். தோட்டத்துப் புகைக்கூட்டில் தொங்கும் றப்பர் ஷீட்டிலிருந்து புளிப்பும் புகையுமாக வருமே, உன் சேலையில், தலைமுடியில், நீ பிசைந்து தந்த சோற்றில்கூட இருக்குமே, அதே மணம்.

அவன் தமிழன்தான். பேச்சைப் பார்த்தால் திருநெல்வேலிப் பக்கமாக இருக்கலாம். என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறந்த இடம் களுத்துறை என்று இருந்ததைக் கண்டதும், "எஸ்டேட் ஆளுங்களா? இந்தியாவுல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான். குரலில் அதட்டல் இல்லை. சும்மா பேச்சுக்குக் கேட்டவன்போலத்தான் கேட்டான்.

"இல்ல. யாரும் இல்ல," என்றேன்.

வீடு வந்து சேரும்வரை எனக்குள்ளேயே அவனை ஏசிக்கொண்டே வந்தேன். போன ஐப்பசியில் உன் மகளின் கடிதம் வரும்வரை அந்தக் கேள்விக்கு நான் "இருக்கா" என்று சொல்லியிருப்பேன். நீ காய்ச்சல் என்றாயாம், நாலு நாள் படுத்தாயாம், போய்விட்டாயாம். அந்தக் கடிதமே இரண்டு மாதம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. உன்னை இந்தக் கரைக்கு ஒருமுறை கூட்டிவர ஒரு துண்டுக் கடதாசிக்காக எத்தனை வாசலில் நின்றோம்! இவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்களே, எந்தக் கவுண்டரில் வரிசையில் நின்றார்கள்? யாருக்கு மனு எழுதிப் போட்டார்கள்? துவக்கோடு வந்தால் ஒன்றும் வேண்டாம். அம்மாவைப் பார்க்க வந்தால்தான் ஆயிரம் கேள்வி.

சரி, இவர்களை மட்டும் ஏசி என்ன? நாங்கள் செய்த வேலையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று தோட்டத்துச் சனத்தைப் பங்கு பிரித்தன. எந்த நாடு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்று படிவம் வந்தது. அப்போது நம் சனம் என்ன நினைத்தது? ஒரு தோட்டத்துத் துரையிடம் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு தோட்டத்துக்கு மாறிப்போவதில்லையா, நாடும் அப்படித்தான் என்று நினைத்தது. தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் லயமாக, எல்லா வீட்டிலும் ஒரே யோசனை. அப்பாவும் அதையேதான் சொன்னார்.

"எல்லாத்தையும் ஒரே பக்கம் எழுதிராத. ஒரு புள்ள அங்கிட்டு, ஒரு புள்ள இங்கிட்டு. எந்தப் பக்கம் சோறு கெடைக்குதோ, மத்தவங்க அந்தப் பக்கம் போய்ச் சேந்துக்கலாம்."

நம் லயத்தில் எட்டாம் வகுப்பு தாண்டியவன் நான் ஒருவன்தான். பதினேழு வயது. எல்லா வீட்டுப் படிவமும் என் கையால்தான் நிரம்பியது. அம்மா, அப்பா, நான், மூன்று பேரும் இலங்கை. நீ இந்தியா. உனக்கு வாசிக்கத் தெரியாது. நான் காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்தாய். அதற்குப் பிறகு உனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அந்தப் பட்டியலை வைத்துத்தான். மச்சான் நல்ல றப்பர்ப் பால்வெட்டுக்காரன், குடிக்கமாட்டான் என்பதெல்லாம் பிறகு வந்த பேச்சு. அவனும் இந்தியப் பேர் என்பதுதான் முதல் பொருத்தம். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்கள் முறை வர எட்டு வருஷம் ஆயிற்று. எழுபத்தேழு சித்திரையில் நீ தலைமன்னாரில் கப்பலேறினாய். ஆவணிக் கலவரத்தில் நம் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். உடுத்த துணியோடு நாங்கள் வன்னிக்கு ஓடிவந்து, ஒட்டுசுட்டானுக்கு அங்கால் காடு வெட்டிக் கொட்டில் போட்டோம். முதல் மாரியிலேயே மலேரியா அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. எந்தப் பக்கம் சோறு கிடைக்கிறது என்று பார்க்க அவர் இருக்கவில்லை. நீயோ தமிழ்நாட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்துப் போனவள். உங்களை இன்னொரு கப்பலில் ஏற்றி, கச்சால் என்று யாரும் கேள்விப்படாத ஒரு தீவில் இறக்கி, மறுபடியும் றப்பர் வெட்ட விட்டிருந்தார்கள். உன் முதல் கடிதம் எங்களைத் தேடி வந்து சேர ஒன்றரை வருஷம்.

அம்மாவுக்கு அதன்பிறகு ஒரே கதைதான். சாப்பிட உட்கார்ந்தால் உன் கதை, படுத்தால் உன் கதை. இடுப்பு விழுந்து பாயோடு கிடந்த பிறகு அதுவும் கூடிப்போயிற்று. பக்கத்துக் காணிக்காரி பரமேஸ்வரி அக்காதான் ஒருநாள் வேலியடியில் வைத்து என்னைப் பிடித்தா.

"தம்பி, கொம்மா இரவு பகலா பிள்ளையின்ர பேரைத்தான் சொல்லுறா. எனக்குக் கேட்டுக்கொண்டு படுக்கேலாமல் கிடக்கு. உயிரோட இருக்கேக்க ஒருக்கா கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கோவன்."

"அது லேசான அலுவல் இல்ல அக்கா."

"லேசான அலுவலெண்டால் நான் ஏன் உங்களிட்டச் சொல்லுறன்?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் புறப்பட்டேன். எண்பத்திரண்டில், காணியில் வெங்காயம் கிண்டி எடுத்த கையோடு. உன்னை அம்மாவின் பாயடிக்குக் கூட்டிவந்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என் நினைப்பு. தலைமன்னார்க் கப்பல், ராமேஸ்வரம், ரயில், மெட்ராஸ். அங்கே அனுமதிக்காக எட்டு நாள். பிறகு மூன்று நாள் கடல். கடவுச்சீட்டில் அடித்திருந்த முத்திரை போர்ட் பிளேயருக்கு மட்டும், பதினைந்து நாள் என்றது. உன் தீவு அங்கிருந்து இன்னும் இரண்டு நாள் தெற்கே. அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கு அந்நியர் போகக்கூடாதாம். ஒரே வயிற்றில் பிறந்த நான் உனக்கு அந்நியன்! நீதான் லீவு வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்று தந்தியடித்தேன்.

போர்ட் பிளேயரைத் தீவுகளின் தலைநகரம் என்றார்கள். கொழும்பு மாதிரி ஒன்றை நினைத்துப் போனேன். ஏறி இறங்கும் ரோட்டுகள், தகரம் போட்ட மரவீடுகள், தென்னை, பலா, கமுகு, விடாத தூறல். களுத்துறையைத் தூக்கிக் கடல் நடுவில் வைத்ததுபோல இருந்தது. இதற்காகவா மூன்று நாள் வாந்தி எடுத்தேன் என்று எரிச்சல் வந்தது. ஒரு றப்பர்த் தோட்டத்திலிருந்து பிடுங்கி இன்னொரு றப்பர்த் தோட்டத்தில் நடுவதற்கு இவ்வளவு கடலா?

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடை மாடியில் தங்கியிருந்தேன். உன் கப்பல் ஒன்பதாம் நாள்தான் வந்தது. துணிப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு நீ இறங்கி வந்தபோது நான் அடையாளம் காணவில்லை. முன்தலை முழுக்க நரை. முப்பத்துமூன்று வயதுக்கு ஐம்பது வயது முகம்.

"என்னடா இப்படிக் கறுத்துட்ட? வெயில்லயே வேகுறியா?" என்று சிரித்தாய். நான் "ஓம்" என்றேன். "அய்ய! ஓமாம்ல! அங்கிட்டுப் போயி ஆமான்னு சொல்லவே மறந்துட்டியா? இனிமே வாறன் போறன்னுதான் பேசுவ போல," என்று நடுத்துறைமுகத்தில் நின்று கேலி செய்தாய். அழுவாய் என்று நினைத்திருந்தேன். நீ சிரித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிரயாணக் கடதாசி விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த குமாஸ்தா தமிழர், வயதானவர். இலங்கையிலிருந்து வரும்போது தந்த உன் குடும்ப அட்டையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதுல நீங்க வரத்தான் முடியும்மா, போக முடியாது. பாஸ்போர்ட்டு புதுசா எடுக்கணும். விசாரணை உங்க தீவுக்குப் போகும், அப்புறம் மெட்ராசுக்குப் போகும். ஆறு மாசமும் ஆகலாம், ரெண்டு வருசமும் ஆகலாம்."

"ஆறு மாசமா? அங்க கிழவி இழுத்துக்கிட்டுக் கெடக்குறா அய்யா! அக்காவக் கூட்டிட்டுப் போகத்தானே கடன ஒடன வாங்கி இம்புட்டுத் தூரம் வந்திருக்கேன்!" என்று மேசையில் அடித்தேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அவர் கோபிக்கவில்லை. திங்கட்கிழமை வாங்க, படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன், எதற்குப் போகவேண்டும் என்று ஒரு மனு மட்டும் எழுதிக்கொண்டு வாங்க, தமிழிலேயே இருக்கட்டும் என்றார். அந்த மனிதரை ஏசமுடியாமல் போனதும் எனக்கு ஒரு எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை நீதான் சொன்னாய். "வந்ததுக்கு ஜெயிலப் பாத்துட்டுப் போ. இங்க வாறவங்க எல்லாரும் அதத்தான் பாக்குறாங்க." வெள்ளைக்காரன் கட்டிய சிறை. ஊருக்கு மேலே, கடலைப் பார்த்தபடி, மூன்று மாடியில் நீள நீளமாக. சுற்றிக்காட்டியவர் அறைக்கதவின் தாழ்ப்பாளைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருப்பவன் கையை எப்படி நீட்டினாலும் எட்டாதபடி அதைச் சுவருக்குள் தள்ளிப் பொருத்தியிருந்தார்கள். ஒரு வரிசை அறைகளின் வாசல் அடுத்த வரிசையின் முதுகைப் பார்த்திருந்தது. ஒருவன் முகத்தை ஒருவன் காணக்கூடாதாம். கப்பலில் கொண்டுவந்து இறக்கினால் அதோடு சரி, பலர் ஊர் திரும்பவே இல்லை என்றார்.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் உச்சுக்கொட்டியது. "பாவம், பெத்தவங்க மொகத்தக்கூடப் பாக்க விடலையே," என்று அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"எங்கக்காவையும் விடலம்மா! இந்தா நிக்கிறா, உசுரோட! இவளப் பாத்து அழுங்க!"

அவர்கள் பயந்து விலகினார்கள். நீ என் கையைப் பிடித்து, நகம் பதிய, அந்த நீளமான தாழ்வாரத்தில் தரதரவென்று இழுத்துப்போனாய்.

"கத்தாதடா. அவங்க பட்டது வேற, நாம பட்டது வேற. மாட்டுக்குப் பதிலா மனுசனச் செக்குல பூட்டி, அடிச்சே கொன்னுருக்கானுங்க இங்க. நம்மள யாரு அடிச்சா? சம்பளம் குடுக்குறான், ரேசன் குடுக்குறான், புள்ளைக்குப் பள்ளிக்கூடம் வச்சிருக்கான். செத்தவங்க எடத்துல நின்னுக்கிட்டு நம்ம கதையப் பேசாத."

"அப்ப உனக்குக் கோவமே வரலையா?"

திறந்திருந்த ஓர் அறைக்குள் போனாய். நானும் வந்தேன். மேலே ஒரு சின்ன ஜன்னல், வேறு ஒன்றும் இல்லை. நீ சுவரில் சாய்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்.

"தம்பி, படிவம் எழுதுன அன்னிக்குக் காலையில, பீலியில தண்ணி புடிக்கையில உன்கிட்ட ஒண்ணு சொன்னேன். கேட்டுச்சா ஒனக்கு?"

"என்ன சொன்ன?"

"என்னோடதையும் இங்கயேன்னு எழுதிரு, அம்மாவ விட்டுட்டு நான் எங்க போவேன்னு சொன்னேன். தண்ணி சத்தத்துல ஒனக்குக் கேட்டுச்சோ, கேக்கலையோ. இத்தன வருசமா அதுதான் தெரியல."

"ஞாபகம் இல்லையே அக்கா," என்றேன்.

"சரி, வா. வெயில் ஏறுது," என்று வெளியே வந்தாய். அன்று பின்னேரம் முழுவதும் உன் மகளின் கதைதான் பேசினாய். அவள் ஹிந்தியில் பாட்டுப் படிக்கிறாள், கடல்நண்டுக்குப் பயப்படுவதில்லை என்று என்னவெல்லாமோ.

திங்கட்கிழமை அலுவலகத்தில் நான் பேனையைத் திறந்து, "மதிப்புக்குரிய ஐயா" என்று மனுவைத் தொடங்கினேன். நீ தாளை உன் பக்கம் இழுத்தாய்.

"குடு. என்னோடத நானே எழுதிக்கிறேன்."

உங்கள் குடியிருப்பில் பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்களாம். எனக்கு நீ சொன்னதேயில்லை. கடிதமெல்லாம் மச்சான் எழுதுகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தாக, வரி சரிந்து சரிந்து போக எழுதினாய். என் அம்மாவைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். கீழே உன் பெயர்.

"திரும்பியா?" என்றேன். "உன்ன நான் ஒரேயடியாக் கூட்டிட்டுப் போகத்தானே நினைச்சேன்."

"எனக்கு இங்க புருசன் இருக்கான், புள்ள இருக்கு. நீ என்ன நினைச்ச? இன்னொருவாட்டியும் உன் இஷ்டத்துக்கு எழுதிரலாம்னா?"

அதை நீ கோபமாகச் சொல்லவில்லை. குமாஸ்தாவிடம் தாளைக் கொடுத்துவிட்டு, எங்கே டீ நன்றாக இருக்கும் என்று அவரிடமே கேட்டாய். நான் உன்னோடு அன்று சாப்பிடவில்லை. மறுநாள் கப்பலேறும்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினேன். ஐந்து நாள் கிடைத்தது நமக்கு. அதில் ஒரு நாளை நான் ரோசத்தில் தொலைத்தேன், மடையன்.

வீட்டு வாசலில் என்னைத் தனியாகக் கண்டதும் அம்மா, "எங்கடா அவ?" என்றாள். "அடுத்த கப்பல்ல வர்றாம்மா," என்றேன். வேறு என்ன சொல்ல? அன்றிலிருந்து முல்லைத்தீவு பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்குவாள். பரமேஸ்வரி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லுங்கோ தம்பி, பிள்ளை வருவாவோ?" என்று கேட்டா. "ஓம் அக்கா, வருவா," என்றேன். "அப்ப ஏன் நிலத்தைப் பாக்கிறியள்?" என்றுவிட்டுப் போய்விட்டா.

எண்பத்துநாலில் சண்டை முற்றித் தலைமன்னார்க் கப்பலையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த தையில் அம்மா போனாள். கடைசி இரண்டு நாளும் என்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். நானும் "என்னம்மா" என்றேன். அம்மாவை எரித்து மூன்று மாதம் கழித்து உன் கடிதம் வந்தது. பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, எந்த வழியாக வரட்டும் என்று கேட்டு, அதே பெரிய எழுத்தில். எந்த வழியாக! வழியையெல்லாம் அடைத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் பாஸ்போர்ட்டை. அந்தப் புத்தகம் உன் பெட்டியில் சேலைக்கு அடியில் இருந்ததாம். ஒரு பக்கத்தில்கூட ஒரு முத்திரை இல்லை மாமா என்று உன் மகள் எழுதியிருக்கிறாள்.

இப்போது என்ன கூத்து தெரியுமா? நாடில்லாமல் கிடந்தவர்களுக்கெல்லாம் இங்கேயே குடியுரிமை தருகிறார்களாம். ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் போதுமாம். இருபது வருஷம் முந்தி இந்தப் புத்தி எங்கே போயிருந்தது? எங்கள் குடியேற்றக் கிராமத்தில் பாதிப்பேர் என்னிடம்தான் எழுத வருகிறார்கள். போன கிழமை ஒருவன் தன் பெண்சாதியின் கடதாசியை நீட்டி, "நீங்க எழுதுங்கண்ணே, அவ கைநாட்டு வைப்பா," என்றான். "அவ எங்க? அவ வாயால சொல்லட்டும், அப்பத்தான் எழுதுவேன்," என்றேன். "அவளுக்கு என்னண்ணே தெரியும்?" என்றான். விழுந்தேன் பார் அவன்மேல், அடிக்காத குறைதான். விசரன் என்று ஊரில் பேசுகிறார்களாம். பேசட்டும். அந்தப் பெண் கடைசியில் முற்றத்தில் வந்து நின்று, தான் பிறந்த தோட்டத்தின் பெயரையும் தாயின் பெயரையும் தன் வாயாலேயே சொன்னாள். சொல்லச் சொல்ல எழுதினேன்.

அக்கா, இவ்வளவு நேரமாக அரசாங்கங்களை ஏசினேன், அப்பாவை ஏசினேன், சந்தியில் மழையில் நின்ற ஒரு பையனைக்கூட ஏசினேன். உன்னையும் ஏசினேன். இனி ஏச ஒரு ஆள்தான் மிச்சம்.

அப்பா உன் பெயரைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை அங்கே, ஒரு பிள்ளை இங்கே என்றுதான் சொன்னார். "யாரு எங்கன்னு நீயே பாத்து எழுதுடா, படிச்சவன் நீதானே," என்றுவிட்டு வெற்றிலையை மடித்தார். எனக்குக் கடல் பயம். அம்மாவை விட்டுப் போகவும் மனமில்லை, உன்னைப்போலவேதான். பேனை என் கையில் இருந்தது, உன் கையில் இல்லை. அதனால் என்னை இங்கே எழுதினேன், உன்னை அங்கே எழுதினேன். நீ விரலை வைத்துவிட்டு, மையைத் துடைக்க என்னிடம்தான் துணி கேட்டாய்.

அன்று பீலியில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்துகொண்டிருந்தது, அக்கா. சத்தமே இல்லை. நீ சொன்னது எனக்குக் கேட்டது.